கடவுச்சொல்லுக்கு ஆட்சேபணை உண்டா

உண்மையைச் சொன்னால், ரெங்கநாயகியின் வீட்டு வைஃபை பத்தே நிமிடத்தில் பத்திரமாகிவிட்டது. அது பத்திரமாக இருக்கிறது என்று ஒரு காகிதம் வாங்கத்தான் ஒரு மாதம் அலைந்தாள். ஒரு காரியம் நடப்பதற்கும், நடந்தது என்று எழுதி வாங்குவதற்கும் நடுவில் உள்ள தூரம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போகிறவர்கள் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வேறு என்னதான் செய்வது?

ரெங்கநாயகிக்கு நாற்பத்தாறு வயது. ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள். கணவர் கணேஷ்குமார் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கிலி அறுந்து இரும்புத் தகடு முதுகில் விழுந்ததிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார். திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். அவரை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது என்பதால் அவளுக்கு வாய்த்த ஒரே வேலை வீட்டில் இருந்தபடி செய்வது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதை இவள் ஹெட்போனில் கேட்டு டைப் செய்து அனுப்புவாள். ஊரில் யாருக்கு எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைப் பக்கத்தில் படுத்திருக்கும் கணவரிடம்கூட ஒரு நாளும் சொன்னதில்லை. வேலையில் சேரும்போது வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். போடாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மாதம் பிறந்து மூன்றாம் தேதி, மருத்துவமனையிலிருந்து மேற்பார்வையாளர் ப்ரீத்தி ஃபோன் செய்தாள்.

"மேடம், வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்க எல்லாரும் வைஃபை பாதுகாப்புச் சான்று வாங்கிக் கொடுக்கணுமாம். முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் சான்று இல்லாதவங்க லாகினை சிஸ்டமே மூடிடும். நான் நெனச்சாலும் திறக்க முடியாது."

"யாரு தருவாங்க அந்தச் சான்றை?"

"அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்காம் மேடம்."

ரெங்கநாயகி முதலில் விக்டரைக் கூப்பிட்டாள். விக்டர் பாலக்கரைக்காரன். அந்தத் தெரு முழுக்க இன்டர்நெட் லைன் இழுத்தவன். வந்தான், ரூட்டரைக் கவிழ்த்துப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, கம்பெனிக்காரன் அடியில ஒட்டி அனுப்புன பாஸ்வேர்டையே வச்சிருக்கீங்க. மொதல்ல அதை மாத்தணும். பெட்டிக்குள்ள போய் செட்டிங்க்ஸ் மாத்தறதுக்கு இன்னொரு பாஸ்வேர்டு இருக்கு, அதையும் மாத்தணும். அப்புறம் இந்தப் பூட்டுல நாலு விதம் இருக்கு. திறந்து போடறது ஒண்ணு. டபிள்யூ.இ.பி.ன்னு ஒரு பழசு, அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், அஞ்சு நிமிஷத்துல உடைச்சுடுவான். டபிள்யூ.பி.ஏ. டூ பரவாயில்ல. உங்களது புதுப் பெட்டி, த்ரீயே இருக்கு. அதைப் போட்டுடலாம். பட்டனை அமுக்குனா பாஸ்வேர்டே இல்லாம சேர்ற வசதி ஒண்ணு இருக்கு பாருங்க, அதை நிறுத்திடறேன்."

"பாஸ்வேர்டு என்ன வைக்கிறது?"

"சாமி பேரு வேணாம். ஃபோன் நம்பர், பொறந்த தேதி வேணாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம மூணு வார்த்தையும் ஒரு நம்பரும் சொல்லுங்க."

ரெங்கநாயகி சமையலறைப் பக்கம் பார்த்து ஊறுகாய் என்றாள். பிறகு ஏனோ குதிரை என்றாள். ஜன்னல் என்றாள். கட்டிலில் இருந்து கணேஷ்குமார் தன் பங்குக்கு எழுபத்திரண்டு என்றார். விக்டர் ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்தான். "இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். அந்தக் கடைசி வாக்கியத்தோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

இல்லக் கம்பியில்லா வலைப் பாதுகாப்பு மாவட்ட அலுவலகம் பாலக்கரையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழ்வீட்டு ஆனந்தவள்ளியைக் கணவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி ஜன்னல் முன்னால் நின்றாள் ரெங்கநாயகி. உள்ளே மாத்ருபூதம் உட்கார்ந்திருந்தார். எழுத்தரும் அவரே, கள ஆய்வாளரும் அவரே. இந்த அலுவலகத்தைத் திறந்தபோது ஆள் எடுக்கவில்லை. நில ஆவணப் பிரிவில் உபரியாக இருந்தவர்களை மேசை நாற்காலியோடு இங்கே அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பப் படிவமும் அங்கிருந்தே வந்தது. 'நிலம்' என்று இருந்த இடங்களில் மட்டும் 'வலை' என்று திருத்தியிருந்தார்கள்.

"வலைக்கு நான்கெல்லை எழுதலையே?" என்றார் மாத்ருபூதம்.

"வைஃபைக்கு ஏதுங்க எல்லை?"

"எல்லை இல்லாம எப்படிம்மா ஒரு சொத்து இருக்கும்? வடக்கே யாரு?"

"கோமதி மாமி வீடு."

"எழுதுங்க. கெழக்கே?"

"தெருங்க."

"இந்த வலைக்கு இதுக்கு முன்னால வில்லங்கம் ஏதும் உண்டா? இல்லையா? இல்லைன்னு எழுதிடுங்க. பூட்டு வகையில எதை டிக் பண்ணியிருக்கீங்க?"

படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. திறந்தது, டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ. ரெங்கநாயகி விக்டர் சொன்னதைச் சொன்னாள். மாத்ருபூதம் யோசித்தார்.

"த்ரீங்கறது பட்டியல்லயே இல்ல. பட்டியல்ல இல்லாத பூட்டு பூட்டு ஆகாது. பேசாம இந்த டபிள்யூ.இ.பி.க்கு மாறிடுங்களேன். நெறையப் பேரு அதைத்தான் போடறாங்க. ஃபைல் சீக்கிரம் நகரும்."

"அதை அஞ்சு நிமிஷத்துல உடைச்சுடலாமாம்."

"அது தொழில்நுட்பம். நான் சொல்றது நடைமுறை."

கடைசியில் டபிள்யூ.பி.ஏ. பக்கத்தில் பேனாவால் ஒரு மூன்று போட்டு, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வைத்து ஏற்றுக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார். 'கடவுச்சொல்: பெரிய எழுத்தில், கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இன்றி, மூன்று பிரதிகள்.'

"பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்களே" என்றாள் ரெங்கநாயகி.

"யாருகிட்டயும் சொல்ல வேணாம். எழுதிக் கொடுத்தாப் போதும்."

அவள் எழுதவில்லை. எழுதாதவர்கள் உள்ளே அதிகாரியைப் பார்க்க வேண்டும். அதிகாரியின் பெயர் பீமராவ். முழுக்கைச் சட்டை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம், மேசையில் கண்ணாடிக்கு அடியில் அலுவலக விதிகள். அவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பவர் போலப் பொறுமையாகப் பேசினார்.

"பூட்டு நல்ல பூட்டான்னு சாவி போட்டுப் பார்க்காம எப்படிம்மா நான் எழுதிக் கொடுக்க முடியும்? ஒரு சர்க்கார் அதிகாரி தனக்குத் தெரியாத ஒண்ணுக்குக் கையெழுத்துப் போடலாமா?"

"உங்களுக்கு மட்டும்னா சரிங்க."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா அது ரகசியம் ஆயிடும். இந்த ஆபீஸ்ல ரகசியத்துக்கு இடமே கிடையாது. விதி ஒன்பது. பெறப்பட்ட கடவுச்சொல்லைப் பொதுமக்கள் பார்வைக்குப் பதினைந்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டணும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமாத் தெரிவிக்கலாம். இல்லைன்னா பதினாறாம் நாள் சான்று."

ரெங்கநாயகி அவர் விளையாடுகிறாரா என்று முகத்தில் தேடினாள். பீமராவின் முகத்தில் முப்பத்திரண்டு வருட சர்வீஸைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"பலகையில ஒட்டினா ஊருக்கே தெரிஞ்சுடுமேங்க."

"அதுக்குத்தானேம்மா ஒட்டறோம்."

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கணேஷ்குமாரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். ஆனந்தவள்ளியால் தனியாக முடியாது. ரெங்கநாயகி எழுதினாள், மூன்று பிரதி, கறுப்பு மையில். மாத்ருபூதம் வாங்கி வாய்விட்டுப் படித்தார். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள்.

"ஊறுகாய்க்கும் குதிரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கக்கூடாதுன்னுதாங்க வச்சது."

"அப்படியே ஒரு விளக்கக் கடிதம் எழுதி இணைச்சுடுங்க. ஆடிட்ல கேப்பாங்க."

நாலாம் நாள் மாத்ருபூதம் கள ஆய்வுக்கு வந்தார். கையில் நூறடி டேப். ஒரு முனையை ரூட்டரின் மேல் ரெங்கநாயகியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுமுனையோடும் தன் ஃபோனோடும் மாடிப்படி இறங்கித் தெருவில் நடந்தார். சிக்னல் ஆனந்தவள்ளியின் சமையலறையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ச்சாரி மளிகைக் கடைக்குள் போய் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேலே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆக்கிரமிப்பு" என்றார்.

"எல்லா வீட்டு சிக்னலும் அப்படித்தானேங்க போகும்?"

"ஊரே ஆக்கிரமிச்சா அது அனுமதி ஆயிடுமா? எல்லைக்குள்ள அடக்கணும்."

வீட்டில் ஒரு ரூட்டருக்கு இரண்டு பெயர் தெரிவதையும் கண்டுபிடித்துவிட்டார். வருகிறவர்களுக்கென்று விக்டர் தனியாக ஒரு விருந்தினர் லைன் வைத்துக் கொடுத்திருந்தான். அது உட்பிரிவு என்றும், உட்பிரிவுக்குத் தாய்ப்பத்திரம் வேண்டும் என்றும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும்படியும் சொன்னார். நிறுத்தினாள். விருந்தினருக்கென்று இருந்த தனிக் கதவையும் அடைத்தாயிற்று. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ரூட்டரைத் தூக்கி இரும்பு பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். மறுபடி தெருவில் நடந்து பார்த்தார். சிக்னல் இல்லை. வீட்டுக்குள் வந்து பார்த்தார். அங்கேயும் இல்லை. திருப்தியாக எழுதினார்: 'வலை எல்லைக்குள் அடங்கியுள்ளது. எவராலும் இணைய இயலவில்லை. மிகவும் பாதுகாப்பானது.'

"எனக்கே வரலையேங்க. நான் எப்படி வேலை பாக்கறது?"

"நாங்க பாதுகாப்பு மட்டும்தாம்மா. உபயோகம் வேற டிபார்ட்மென்ட்."

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் ரூட்டரை வெளியே எடுத்தாள். கட்டிலில் கணேஷ்குமார் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சிரித்தார், முதுகு வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

பதினைந்தாம் தேதி கடவுச்சொல் பலகைக்கு ஏறியது. மேலே அவள் பெயர், கீழே முகவரி, அதற்குக் கீழே ஊறுகாய் குதிரை ஜன்னல் எழுபத்திரண்டு. மறுநாளே ஒரு தெரியாத ஆள் ஃபோன் செய்தார். படிவத்தில் இருந்த நம்பரும் பலகைக்கு ஏறியிருந்ததே.

"மேடம், குதிரைக்குப் பெரிய கே-யா, சின்ன கே-யா? பலகையில மழை பட்டு அழிஞ்சிருக்கு."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. பெரியதையும் சின்னதையும் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? மளிகைக் கடையில் கிரிக்கெட் ஓடியது. வேலை முடிந்து வண்டியை ஓரம் கட்டியவர்கள் மாடிக்கு நேர் கீழே நின்று ஃபோன் பார்த்தார்கள். காய் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண், "நீங்கதானே அந்த ஊறுகாய் குதிரை அம்மா? ரொம்ப நல்ல ஸ்பீடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் மேசையில் இருந்த பிரின்டர் தானாக எழுந்து யாருடைய ஜாதகத்தையோ அச்சடித்துத் தள்ளியது. கணேஷ்குமார் வாங்கிப் பார்த்து, நல்ல ஜாதகம்தான், செவ்வாய் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது என்றார்.

அன்றைக்குத்தான் ரெங்கநாயகிக்கு உறைத்தது. தன் பிரின்டருக்கு வர முடிந்தவர்கள் தன் கம்ப்யூட்டருக்கு வர எத்தனை தூரம்? அதில் ஒரு ஊரின் வியாதியே இருக்கிறது. விக்டருக்கு ஃபோன் செய்தாள்.

"உடனே பாஸ்வேர்டை மாத்துங்கக்கா!"

"மாத்தினா மறுபடியும் மொதல்ல இருந்து பதினஞ்சு நாளாம் விக்டர். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள ஆகாது."

விக்டர் ஃபோனிலேயே சொல்லிச் சொல்லி, கம்ப்யூட்டரில் பகிர்வு என்று இருந்ததை எல்லாம் நிறுத்த வைத்தான். "ஏதோ முடிஞ்சதுக்கா. தெருவுல போறவன் எல்லாரையும் வீட்டுக்குள்ள உக்கார வச்சுட்டு பீரோவைப் பூட்டிக்கிற மாதிரிதான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அவள் ஏதோ திருட்டு வேலை செய்கிறவள் போலப் பயந்து பயந்து டைப் செய்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இதற்கு நடுவில் விழிப்புணர்வுக் கூட்டம் வேறு. வருகைப் பதிவில் கையெழுத்து இல்லாவிட்டால் சான்று இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கு அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார்கள், அப்புறம் போட மறந்துவிட்டார்கள். வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு பீமராவ் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஐந்தாண்டுகளுக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் என்ன நிலைமை? ஒவ்வொரு வீட்டின் கடவுச்சொல்லும் அந்தந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும் என்கிற அவல நிலை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது! இன்று அந்த இருள் நீங்கியிருக்கிறது. நாலாயிரத்து எழுநூறு கடவுச்சொற்கள் ஒரே பதிவேட்டில், அகர வரிசையில், முகவரியோடு பத்திரமாக இருக்கின்றன. அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம். இன்றுவரை ஒரு கடவுச்சொல்கூடக் களவு போனதாகப் புகார் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எவன் களவாடுவான்?"

கைதட்டினார்கள். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, உங்கள் ஆபீஸ் வைஃபைக்குச் சான்று வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார். எங்களுக்கு நாங்களே விண்ணப்பித்திருக்கிறோம், பரிசீலனையில் இருக்கிறது, எங்கள் விஷயத்தில் நாங்கள் சலுகை காட்டிக்கொள்வதில்லை என்றார் பீமராவ். அதற்கும் கைதட்டினார்கள். ரெங்கநாயகியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் நேரமாகும் என்று தோன்றியது.

இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல். பலகையில் இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை என்று மாத்ருபூதம் காலையில்தான் ஃபோனில் சொல்லியிருந்தார். ரெங்கநாயகி கணவருக்கு மோர் கொடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டினாள். நரம்பியல் டாக்டரின் குரல். நோயாளியின் பெயர் பீமராவ் என்றது. வயது ஐம்பத்தொன்பது. வேலை, இல்லக் கம்பியில்லா வலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் மாவட்ட அதிகாரி.

அவள் பதிவை நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி ஓட விட்டாள்.

வலது கையில் நடுக்கம், எட்டு மாதமாக. கையெழுத்து வரவரச் சின்னதாகிப்போவதாக நோயாளி சொல்கிறார். பரிசோதனைகள் பார்க்கின்சன் நோயின் ஆரம்பத்தைக் காட்டுகின்றன. ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருப்பதால் அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது என்றும், மனைவிக்கும் தான் சொல்லும்வரை தெரியக்கூடாது என்றும் நோயாளி மிகவும் வருந்திக் கேட்டுக்கொண்டார். டாக்டர் அதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

ஜன்னலுக்குக் கீழே நாலைந்து பேர் ஃபோனோடு நின்றுகொண்டிருந்தார்கள். ரெங்கநாயகிக்கு அவர் மேல் பாசமா, ஒன்றும் கிடையாது. அந்த மனிதரால் அவள் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் இதை அவர்களுக்கு நடுவில் வைத்து டைப் செய்ய அவளுக்குக் கை வரவில்லை. ரூட்டருக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதைக் கணவரிடமும் சொல்லவில்லை. கீழே நின்றவர்கள் ஃபோனை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். நாற்பது நிமிடத்தில் டைப் செய்து அனுப்பிவிட்டாள். டாக்டர் பார்த்து ஒப்புதல் கொடுக்கும்வரை பிரதி அவள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும், டாக்டர் இரண்டு நாள் வெளியூர் என்று மருத்துவமனையிலிருந்து மெசேஜ் வந்தது. அதனால் பழைய பாஸ்வேர்டுக்குத் திரும்பவில்லை.

பதினைந்து நாளில் முதல் ஆட்சேபணை அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தது. 'மேற்படி கடவுச்சொல் அறிவிப்புப் பலகையில் கண்டபடி வேலை செய்யவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பன்னிரண்டு கையெழுத்துகள். ஒன்பதாவது ஆனந்தவள்ளியுடையது.

"நான் எதிர்த்தெல்லாம் போடலைக்கா" என்றாள் ஆனந்தவள்ளி, மறுநாள் மாடிக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சீரியல் பாதியில நின்னுபோச்சு. மளிகைக் கடைக்காரர் பேப்பரை நீட்டினாரு, ரிப்பேர் பண்ணச் சொல்றதுக்குன்னு நெனச்சுப் போட்டுட்டேன்."

"பரவால்ல விடு" என்றாள் ரெங்கநாயகி. அவளிடம் கோபத்துக்குக்கூடத் தெம்பு இல்லை. "நாளைக்கு விசாரணையாம். மூணு மணிக்குக் கொஞ்சம் இவரைப் பாத்துக்க."

முப்பத்தொன்றாம் தேதி விசாரணை தொடங்கும்போது மணி நாலே கால். பெஞ்சில் ஆட்சேபணைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாத்ருபூதம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ப்ரீத்தி இரண்டு முறை மெசேஜ் அனுப்பியிருந்தாள், அஞ்சு மணி மேடம், அஞ்சு மணி.

"கடவுச்சொல்லை மாத்தினீங்களா, இல்லையா?" என்றார் பீமராவ்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரூட்டர் கோளாறு என்று சொல்லியிருந்தால் மாத்ருபூதமே தலையாட்டி இருப்பார். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"மாத்தினேங்க."

"பதினாலு நாள் ஒழுங்கா இருந்துட்டுக் கடைசி நாள்ல எதுக்கு? இங்க பாருங்கம்மா, பாதுகாப்புன்னா நம்பிக்கை. இந்தப் பன்னெண்டு பேரு உங்களை நம்பினாங்க. நீங்க அவங்களை வெளியில தள்ளிப் பூட்டிட்டீங்க. உங்க வீட்டுல அப்படி என்ன ரகசியம்?"

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்லைங்க."

"அப்போ யாரு ரகசியம்?"

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரெங்கநாயகி மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விதி ஒன்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சான்றை நீட்டிவிடுவார். கணேஷ்குமாரின் மாத்திரை, வாடகை, அரிசி எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால்தான் வரிசையாக நின்றன.

"சொல்ல முடியாதுங்க."

"மாற்றியதற்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சொல்ல முடியாதுன்னு அதுல எழுத முடியாது. அதுவும் பலகையில ஒட்டறது." பீமராவ் பெருமூச்சு விட்டார். அவளுக்கு உதவி செய்கிறவர் போலப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பொம்பளை, வயசானவங்க, தெரியாம செஞ்சுட்டாங்கன்னு போட்டாத் தப்பிச்சுக்கலாம். மறுபடி விண்ணப்பிச்சா பதினஞ்சே நாள். நானே எழுதறேன், கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் எழுதினார். 'தெரியாமல்' என்பது ஒழுங்காக வந்தது. 'செய்துவிட்டேன்' என்பதற்குள் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிறுத்து, கடைசியில் வெறும் கோடாகி, பேனா கட்டத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. பீமராவ் சட்டென்று கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார். யாராவது கவனித்தார்களா என்று பெஞ்சைப் பார்த்தார், மாத்ருபூதத்தைப் பார்த்தார், பிறகு ரெங்கநாயகியைப் பார்த்தார்.

அவள் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆவதற்கு, அவள் லாகின் மூடுவதற்கு, இரண்டு நிமிடம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், ஒன்றும் தெரியாதவள் போலக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வேலையில் அவள் செய்த கடைசிக் காரியம் அதுதான்.